இருபத்தைந்தால் வகுத்த கார்

1957ஆம் வருடத்து செவர்லே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம். ஐந்து மீட்டரும் கொஞ்சமும். அதை 25ஆல் வகுத்தால் எட்டு அங்குலம் வரும். அமெரிக்காவில் பிளாஸ்டிக் மாடல் கார் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உலகமே இந்த 1/25 அளவில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால், சட்டங்களில் ஒட்டிக்கொண்டு உதிரிபாகங்கள் வரிசையாக நிற்கும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் கார் ரெடி என்று பெட்டியின் மேலுள்ள படம் ஆசை காட்டும்.

வகுத்தல் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டால், இது பள்ளிக்கூடப் பையன்களின் விடுமுறைப் பொழுதுபோக்கோடு நின்றிருக்கும். தலை நரைத்தவர்கள் நடுராத்திரியில் மேஜை விளக்கடியில் மாதக்கணக்காக ஒரே காரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. நீளத்தை வகுத்துவிடலாம். மற்ற பல சங்கதிகள் வகுபட மறுக்கின்றன. அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது.

பெயிண்டையே எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வரும் நிஜக் காரில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மாடல் காருக்கும் பிரைமர், நிறம், கிளியர் என்று பூசினால், கிட்டத்தட்ட அதே கனம் ஏறிவிடுகிறது. பெயிண்டுக்கு, தான் உட்காரும் கார் பெரியதா சிறியதா என்று தெரியாதே! அந்தக் கனத்தை 25ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிஜக் காரின் மேல் இரண்டரை மில்லிமீட்டருக்கு அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கு நிஜத்தில் 4 மில்லிமீட்டர் என்றால், மாடலில் அது 0.16 மில்லிமீட்டர்தான். பெயிண்ட் போய் அதை அடைத்துவிட்டால் கதவு திறக்கிற கதவாகத் தெரியாது, சுவரில் போட்ட கோடு மாதிரிதான் தெரியும். அதனால் கை பழகியவர்கள் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, கத்தி முனையின் பின்பக்கத்தால் கதவுக் கோடுகளைத் திரும்பத் திரும்பக் கீறி ஆழப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள்.

மெட்டாலிக் நிறம் இன்னும் மோசம். நிஜக் காருக்கான மெட்டாலிக் பெயிண்டில் மினுக்கும் அலுமினியத் துகள், கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு பொடி. அதே பெயிண்டை மாடலில் அடித்தால் துகள் ஒவ்வொன்றும் காரின் அளவோடு ஒப்பிடும்போது 25 மடங்கு பெரிதாகிவிடும். கல்யாண வீட்டு ஜிகினாவை வாரி இறைத்தது போலிருக்கும். ஆகவே, கார் கம்பெனியின் அசல் பெயிண்ட் என்று பெருமையாக வாங்கிவந்து அடிப்பவருடைய கார் பொம்மையாகத் தெரியும். இதற்கென்றே இன்னும் நுண்ணிய துகள் போட்டுக் கலந்த பெயிண்டைத் தேடிப் பிடித்து அடித்தவருடையதுதான் நிஜமாகத் தெரியும். கறுப்பு நிறத்திலும் இதே கதை: சுத்தக் கறுப்பை அடித்தால் சின்ன உருவத்தில் அது இருட்டுக் குழியாகிவிடுகிறது. கொஞ்சம் சாம்பல் கலந்தால்தான் கண் அதைக் கறுப்பு என்று ஒத்துக்கொள்கிறது.

இஞ்சினுக்கு வருவோம். எட்டு சிலிண்டர் வி-8 இஞ்சின் என்றால் ஸ்பார்க் பிளக்குக்கு எட்டு ஒயர், காயிலுக்கு ஒன்று. ஆக, மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் ஒன்பது ஒயர். சாதாரண கிட்டில் இவை வருவதில்லை, தலை மொட்டையாகத்தான் இருக்கும். நிஜ ஒயரின் கனம் 8 மில்லிமீட்டர், வகுத்தால் 0.32. கடுகைவிடச் சற்றே பெரிய அந்தத் தலையில், விரலால் உருட்டும் கைத்துரப்பணத்தைக் கொண்டு ஒன்பது துளை போட வேண்டும். மயிரிழை போன்ற பிட் கொஞ்சம் சாய்ந்தால் பட்டென்று முறிந்து, முனை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துளை போட்டு, ஒயரைச் செருகி, சூப்பர் குளூவை ஊசிமுனையில் தொட்டு வைத்து, எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்று ஃபயரிங் ஆர்டர் பார்த்து மாட்டுகிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகு பானெட்டை மூடிவிடுவார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்களிடம் கேட்பது அபத்தம்.

இந்த 1/25 பித்து தொடங்கிய இடம் கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கார் கம்பெனிகள் அந்தந்த வருடப் புது மாடலின் சின்னப் பிளாஸ்டிக் உருவைச் செய்வித்து ஷோரூம்களுக்கு அனுப்பின. வாடிக்கையாளரிடம் நிறத்தைக் காட்டலாம், கூட வந்த பிள்ளையின் கையில் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். அப்படிச் செய்துகொடுத்த கம்பெனிகளில் ஒன்று ஏஎம்டி. 1958இல் அது ஒரு காரியம் செய்தது. அதே அச்சுகளை வைத்து, பையன்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் கிட்டுகளைப் போட்டது. பெட்டிக்குள் கூடுதல் பாகங்களையும் வைத்தது. ‘மூன்றில் ஒன்று’ என்பது விற்பனைத் தந்திரம்: கம்பெனி விட்டபடியே கட்டலாம், பந்தயக் காராக்கலாம், இல்லை, உன் இஷ்டப்படி மாற்றிய கஸ்டம் காராக்கலாம். டெட்ராய்ட் போட்ட டிசைன்தான் முடிந்த முடிவு என்று நினைக்காதே என்று பத்து வயதுப் பையனுக்கு டெட்ராய்டிலிருந்தே சேதி போனது வேடிக்கைதான். கலிஃபோர்னியாவில் நிஜக் கார்களை அறுத்து ஒட்டிப் பெயர் வாங்கிய ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்களையும் மாடல் கம்பெனிகள் ஆலோசனைக்கு அழைத்துக்கொண்டன.

அந்தக் கஸ்டம்காரர்களின் பெரிய வித்தை கூரையைத் தாழ்த்துவது. 1949இலிருந்து 1951 வரை வந்த மெர்குரி கார் இதற்குப் பேர்போனது. கண்ணாடித் தூண்களை அறுத்து, நாலு அங்குலம் கழித்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி ஒட்ட வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. செய்யும்போது கூரை கீழே பொருந்தாது. தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கூரை சிறியது, அது வந்து உட்கார வேண்டிய அடிப்பகுதி பெரியது. ஒன்று, தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையையே நடுவில் பிளந்து, விரித்து, இடைவெளியை நிரப்ப வேண்டும். மாடலில் கழிக்க வேண்டியது நாலு மில்லிமீட்டர்தான். ஆனாலும் இதே வம்பு அச்சாக வந்து நிற்கும். பெயிண்ட் வகுபடாது, துகள் வகுபடாது. ஜியோமெட்ரி மட்டும் பைசா பிசகாமல் வகுபடுகிறது. நம்மூர் டிங்கர் பட்டறையில் தகட்டுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடியும் பட்டி வைப்பார்களே, அந்த வேலை முழுவதையும் இங்கே கட்டைவிரல் அகல இடத்தில் செய்ய வேண்டும். எந்த வெறும் கிட்டையும்விட இதில்தான் ஒருவருடைய கை தெரியும் என்பது என் கட்சி.

சின்ன உருவில் அழகாகத் தெரிவது பெரிய உருவில் அப்படியே தெரியாது என்பது கார் கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி நிறுவனம் 1930இலிருந்து 1968 வரை அமெரிக்கப் பையன்களுக்கு மாடல் கட்டும் போட்டி நடத்தியது. அதில் 1947இல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் பிரிவுக்கே தலைவரானார். ஆனால் சின்னக் களிமண் உருவைப் பார்த்ததோடு திருப்திப்பட்டு ஸ்டூடியோக்கள் பொதுவாகக் காரை விட்டதில்லை. முழு அளவிலும் களிமண்ணில் செய்து சுற்றி வந்து பார்த்த பிறகுதான் ஒப்புதல்.

ஜப்பானின் டமியா கம்பெனி வேறு வழியில் போனது. போர்ஷே 934 மாடலைச் செய்வதற்காக ஒரு நிஜப் போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். 1976இல் அது 1/12 அளவில் வெளிவந்தது.

வகுத்தல் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர் மைக்கேல் பால் ஸ்மித். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர், 2018இல் காலமானார். ‘எல்ஜின் பார்க்’ என்று ஒரு கற்பனை ஊரை உண்டாக்கி, 1/24 அளவுப் பழைய கார்களை வைத்துப் படமெடுத்தார். ஒரு மேஜையை வெளியே எடுத்துப் போட்டு, அதன் மேல் குட்டித் தெருவையும் கார்களையும் வைப்பார். பின்னால் தூரத்தில் நிஜ மரங்களும் நிஜ வீடுகளும் நிற்கும். தூரமே அவற்றை 24ஆல் வகுத்துவிடும். வெயில், வானம், நிழல் எல்லாம் அசல். கேமராவோ சாதாரணக் கையடக்க டிஜிட்டல்தான். படத்தைப் பார்க்கிறவர் அறுபது வருடத்துக்கு முந்தைய தெரு என்றே நினைத்துக்கொள்வார்.

எடை விஷயம் மட்டும் ஸ்மித்தையும் விடவில்லை, யாரையும் விடுவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் 25ஆல் வகுத்தால் எடையை 15,625ஆல் வகுக்க வேண்டும். 1,500 கிலோ காருக்கு 96 கிராம் வரும். கட்டி முடித்த பிளாஸ்டிக் கார் ஏறக்குறைய அந்த எடையில்தான் இருக்கும். ஆனால் டயர் தரையைத் தொடும் பரப்பு 625ஆல் மட்டுமே குறைகிறது. நிஜ டயர் காரின் பாரத்தில் அடியில் கொஞ்சம் நசுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். மாடலின் டயருக்கு அந்த அழுத்தமே கிடையாது. முழு வட்டமாக, தரையை ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு, கார் அந்தரத்தில் மிதப்பது போலிருக்கும். அதனால் டயரின் அடியை லேசாக உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, காரையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கி வைக்கிறார்கள். நிஜக் காரில் நாலு சக்கரத்தையும் பாரமே தரையில் அழுத்திவிடும். இங்கே அச்சு ஒரு நூல் பிசகினாலும் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். போட்டிகளில் நடுவர்கள் டார்ச்சோடு வந்து குனிவது பெரும்பாலும் இதைப் பார்க்கத்தான். ஒன்பது ஒயரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாலு டயரும் மேஜையைத் தொடுகின்றனவா?