ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பெரியவர் ஒருவர் கரையோரப் பாதையில் விறுவிறுவென்று நடந்தால், சிறிது நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிடலாம். நான்கு வயதுக் குழந்தைக்கோ அந்தப் பாதை அரைநாளைக்குத் தாங்கும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் முழுக்கக் கூடுகளாக இருக்கும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு போல ஒரே மரத்தில் மேலும் கீழுமாகக் குடித்தனம் நடத்தும். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். 'அதுக்கு ஏன் வாய் மூடவே மாட்டேங்குது?' என்று பெரும்பாலும் குழந்தைதான் முதலில் கேட்கும். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிப்பதையும், இரையைக் கக்கி ஊட்டுவதையும் இருநோக்கி இல்லாமலே பார்க்க முடியும். இது முக்கியம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இருநோக்கியைக் கண்ணில் சரியாகப் பொருத்திப் பார்க்க வராது. வெறுங்கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் பறவை இருந்தால்தான் அவர்களுக்கு அது பறவை.

இந்த ஏரியின் கதையும் குழந்தைக்குச் சொல்லத் தகுந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்குப் பாயும்போது பயிர் செழிப்பதை ஊர் மக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். அதனால் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்தார்கள். 1798-ல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து அந்தப் பாதுகாப்புக்கு எழுத்துப்பூர்வமான அங்கீகாரமும் பெற்றார்கள். 1858-ல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. வனத்துறை, சரணாலயம் என்ற ஏற்பாடுகளெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஓர் ஊர் தன் பறவைகளுக்குக் காவல் நின்றிருக்கிறது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

வேடந்தாங்கலை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சிறு பிள்ளைகளோடு வெளியே கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அல்ல, எண்ணிக்கையில். 'ஒரே நாளில் ஏழு இடங்கள்' என்று வேன் ஏறினால், குழந்தைக்கு அந்த நாள் முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாகவே போகும். தூக்கம் கெடும், சாப்பாட்டு வேளை தவறும். மாலைக்குள் ஒரு சிணுங்கல் அழுகையாகும், அழுகை அடமாகும், பெற்றோர் சிடுசிடுப்பார்கள். பூங்காவில் ஓடும் அணிலையோ வரிசையாகப் போகும் எறும்பையோ பார்த்துப் பிள்ளை உட்கார்ந்துவிடும். 'வா, நேரமாச்சு' என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைய சுற்றுலாவே அந்த எறும்புதான்.

ஒரே இடத்தில் நிதானமாக இருப்பதற்கு நம் பழைய வழக்கத்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடி, புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், ஒரே படித்துறையில் பொழுதைக் கழிப்பார்கள். தஞ்சைப் பக்கத்தில் பிள்ளைகள் சின்னச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு தெருவெங்கும் ஓடுவார்கள். ஓர் இடம், பழகிய உணவு, கூட விளையாட ஆள். சிறு பிள்ளைக்குத் தேவையான மூன்றும் அதில் இருந்தன.

மலைக்குப் போவதென்றால் முதல் எதிரி வாந்தி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைதான் தொல்லை அதிகம். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'வண்டி வளைகிறது' என்று மூளைக்குச் சொல்லும். கையில் செல்போனையோ படப் புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், 'எதுவும் அசையவில்லை' என்று சொல்லும். இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. அழாமல் இருக்கட்டுமே என்று மலைப்பாதையில் போனைக் கையில் கொடுப்பது வாந்தியை அழைத்து வருவதற்குச் சமம். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வது, ஜன்னலைத் திறந்து காற்று விடுவது, கிளம்பும் முன் எண்ணெய்ப் பலகாரம் இல்லாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துவது, நடுவே இறங்கிக் கொஞ்சம் நடக்க வைப்பது எல்லாம் கைகொடுக்கும். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு மட்டுமே.

ஆகவே மலையைத் தேர்ந்தெடுக்கும்போது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. கொல்லிமலைக்கு 70 வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, ஏலகிரிக்கு 14. முதன்முறையாக மலையேறும் பிள்ளைக்கு ஏலகிரி போதும். அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளை ஒவ்வொரு பலகையையும் படித்துக்கொண்டே வந்தால், கண் வெளியேதான் இருக்கும்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காருவது நம்மிடையே பாசத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. திடீரென்று பிரேக் போட்டால் எந்தக் கையாலும் ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பிள்ளை உட்கார வேண்டிய இடம் பின் இருக்கை.

கொண்டை ஊசி வளைவே வேண்டாம் என்பவர்களுக்கு நீலகிரி மலை ரயில் இருக்கிறது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயில் 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறிக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்வரிசை கொண்ட இரும்புப் பட்டை உண்டு. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. இதைக் கேட்ட பிள்ளை இறங்கிப் போய்ப் பார்க்காமல் விடாது. வழியில் 16 குகைகள், 250 பாலங்கள். ஒவ்வொரு குகையிலும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூச்சல் போடுவது இந்த ரயிலின் எழுதப்படாத மரபு. ஆனாலும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து மணி நேரம் அதிகம். அவர்களுக்குக் குன்னூரிலிருந்து ஊட்டி வரையிலான பகுதியே பொருத்தம்; ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் அடிக்கடி ரத்தாகும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு வேறொரு பெரும்பேறு உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு தாய் ஆமை மணலில் குழி தோண்டி நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாய்களிடமிருந்து முட்டைகளைக் காக்க, 1988-ல் தொடங்கிய மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். நள்ளிரவில் தொடங்கி மணலில் பல கிலோமீட்டர் போகும் அந்த நடை சிறு குழந்தைக்கு ஆகாது. அவர்களுக்கானது அடுத்த கட்டம். சுமார் 45 முதல் 60 நாளில் முட்டை பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர்க் கரையில் மாலை நேரத்தில் இதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும்.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சு, தட்டுத்தடுமாறி, அலை அடித்துப் புரட்டிப் போட்டாலும் மறுபடி கடலை நோக்கியே நகரும். வெளிச்சமான தொடுவானத்தைப் பார்த்துப் போவது அதன் இயல்பு. நகரத்து விளக்குகள் அதைத் திசைமாற்றிவிடும். ஆகவே செல்போன் விளக்கு கூடாது, தொடக் கூடாது, கட்டியிருக்கும் தடுப்புக் கயிற்றைத் தாண்டக் கூடாது. ஏன் கூடாது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளையும் அப்படியே நிற்கும். மறைக்காமல் சொல்ல வேண்டியது இன்னொன்று: 2025-ன் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ஏராளமான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துபோகும். கடற்கரையில் பிள்ளை அப்படி ஓர் ஆமையைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பேச்சை மாற்ற வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் சலுகையே கிடையாது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் குடித்தது. அருவிக்கரையில் தூறல்கூட இல்லாதபோதும் மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வரத் தொடங்கினால் அடுத்த நிமிடத்துக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும். கடலிலும் ஆற்றிலும் பிள்ளை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண் எட்டும் தூரம் போதாது. நீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடும். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினாலும் பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற அளவில் உயிர்காப்புச் சட்டை இருந்தால் மட்டுமே ஏற வேண்டும். பெரியவர்களுக்கான சட்டை குழந்தையின் தலைவழியே நழுவிவிடும்.

நீர்மேல் ஒரு சாகசம் வேண்டும், ஆனால் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் சிதம்பரத்துக்கு அருகில் உள்ள பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சதுப்புநிலக் காட்டில் துடுப்புப் படகில் போகலாம். சுரபுன்னை மரங்கள் கால் ஊன்றி நிற்பதுபோல் தாங்குவேர்களை நீருக்குள் இறக்கியிருக்கும். கால்வாய்கள் குறுகும் இடத்தில் கிளைகள் தலைக்கு மேல் கூரையாகிவிடும். கூட வரும் தாத்தா பாட்டிக்கு எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' நினைவு வரும். அந்தப் படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. ஓர் எச்சரிக்கை உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான தில்லை மரம் இங்கே வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும், பார்வையையே பாதிக்கக்கூடும். இலையை ஒடிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளிடம் ஏறுவதற்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். வெயிலுக்கு முன், காலையில் போவதே சுகம்.

காட்டு நடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், தாங்களாகவே ஏதோ ஒரு பாதையில் ஏறிவிடக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்தில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு விதிமுறைகள் வந்தன. 2024-ல் வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். குடும்பத்தோடு போவோர் எளிய பாதையோடு நின்றுகொள்ளட்டும். புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான். யானை லத்தி, மரத்தில் கரடி கீறிய தடம், ஈரமண்ணில் மானின் குளம்படி இவற்றை வழிகாட்டி காட்டினால் பிள்ளைகளின் கண் தரையைவிட்டு எழாது.

பையில் என்ன இருக்க வேண்டும்? மாற்றுத் துணி இரண்டு, தொப்பி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், வாந்திக்கு ஒரு பை, வீட்டுச் சாப்பாடு. கரைசல் பாக்கெட்டைப் பலர் அரை டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அது தவறு. உறையில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பெரிய பாக்கெட்டுக்குப் பொதுவாக ஒரு லிட்டர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். காணும் பொங்கல் போன்ற கூட்ட நாளில் மெரினாவில் போலீசார் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். மற்ற நாளிலும் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு பேனா போதும்.

செலவைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. தமிழக அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை கட்டணம் கிடையாது. 2022-க்கு முன் இது மூன்று வயதாக இருந்தது. ரயிலிலும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டிச் சிறுவர் பூங்கா பேருந்து தூரத்தில் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், சிறு பிள்ளையோடு வரும் தாய்மார்கள் பல இடங்களில் நுழைவாயிலிலேயே கேட்கும் முதல் கேள்வி கழிப்பறையைப் பற்றியது. குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேடை, பாலூட்ட ஓர் அறை, குழாயில் தண்ணீர், உட்கார ஒரு நிழல். நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒவ்வோர் இடமும் செல்ஃபி மேடையும் வண்ண விளக்கும் வைக்கும் முன் இவற்றைச் செய்து தர வேண்டும். போய்வரும் பெற்றோர் அங்கே உள்ள கருத்துப் பதிவேட்டில் இதைத் தவறாமல் எழுதிவிட்டு வாருங்கள்.