ஒட்டில்லாத சம்படம்

பருப்புப் போட்டு வைக்கும் எவர்சில்வர் சம்படத்தில் ஒட்டும் இல்லை, மடிப்பும் இல்லை. வட்டமாக வெட்டிய ஒரே தகடுதான் அப்படி எழுந்து நிற்கிறது. குழியுள்ள டையின் மேல் தகட்டை வைத்து, அதன் ஓரத்தை ஒரு வளையத்தால் அமுக்கிப் பிடிக்கிறார்கள். நடுவில் பிரஸ்ஸின் பஞ்ச் இறங்குகிறது.

பஞ்ச் அழுத்தி நீட்டுவதால்தான் சுவர் உண்டாகிறது என்று தோன்றும். உண்மை அதுவல்ல. பஞ்சின் அடியில் இருக்கும் பகுதி ஏறக்குறைய மாறாமல் சம்படத்தின் அடியாகிவிடுகிறது. சுவரோ பெரும்பாலும் வெளி ஓரத்திலிருந்து வழுக்கி உள்ளே வந்த தகடு. 7 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள சம்படத்துக்குச் சுமார் 18 செ.மீ. விட்டமுள்ள வட்டு வேண்டும். அதன் ஓரச் சுற்றளவு 56 செ.மீ.க்கு மேல், வாயாக முடியும்போது 22 செ.மீ.தான். குறைந்த அகலமெல்லாம் உயரமாகிறது, கொஞ்சம் தடிமனாகவும் ஆகிறது.

வட்டக் காகிதத்தை டம்ளருக்குள் அழுத்தினால் கொசுவம் கொசுவமாகச் சுருங்குமே, தகடும் அப்படித்தான் சுருங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வளையம். பிடி தளர்ந்தால் ஓரம் சுருக்கம் விழுகிறது. இறுகினால் தகடு வழுக்க முடியாமல், அடியும் சுவரும் சேரும் வளைவுக்கு அருகே கிழிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அழுத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்பேன். வழுவழுப்பாக்கிய டை விளிம்பும் எண்ணெயும் அதற்குத் துணை.

ஒரே இறக்கத்தில் பஞ்சின் விட்டத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டைத்தான் இழுக்கலாம். நம் சம்படத்துக்கு அது இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. அதனால் முதலில் அகலமான கிண்ணமாக இழுத்து, பிறகு சிறிய டைகளில் ஒடுக்குகிறார்கள்.

இழுக்க இழுக்க உலோகம் விறைக்கிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகில், படிக அமைப்பின் ஒரு பகுதியே மாறிவிடுகிறது. மேற்கொண்டு இழுக்க வேண்டுமானால் சுமார் 1050 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வேகமாகக் குளிர்விக்கிறார்கள். சில வகை எஃகில், சூடாக்காமல் வைத்த கிண்ணம் சில மணி நேரம் கழித்துத் தானாகவே வெடிப்பதும் உண்டு.

வாய் எப்போதும் அலையலையாகத்தான் வரும். உருளையில் தேய்த்த தகடு எல்லாத் திசையிலும் ஒரேபோல் இழுபடுவதில்லை. அந்த அலையை வெட்டி, விளிம்பைச் சுருட்டுகிறார்கள்.

மாறிய படிகம் காந்தத்துக்கு இழுபடும். அதனால் கடைசி இழுப்புக்குப் பிறகு சூடாக்காத நல்ல பாத்திரத்தில்கூட, அடியில் ஒட்டாத காந்தம் சுவரின் மேற்பகுதியில் லேசாக ஒட்டலாம். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, சுவரில் ஒட்டியதும் மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.