கலங்கிய நீர் சொல்லும் எச்சரிக்கை

சிறுநீரகம் செயலிழந்த சிலர், வயிற்றில் பொருத்திய குழாய்வழி திரவம் ஏற்றி, வீட்டிலேயே இரத்தத்தைச் சுத்திகரிக்கின்றனர். இயந்திரச் சிகிச்சைக்காக வாரம் இருமுறை, மும்முறை திகனயிலிருந்து கண்டிக்கு அலையும் சிரமம் இதனால் குறைகிறது. ஆயினும் ஓர் ஆபத்தை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

வெளிவரும் திரவம் கலங்கினால், வயிறு நொந்தால், கிருமி தொற்றியிருக்கலாம். பெரும்பாலும் அது பற்றீரியா. சிலவேளை கன்டிடா எனும் பங்கசு. பற்றீரியாவுக்கான மருந்து உட்கொண்ட பின்னர் பங்கசு தலைதூக்குவதுண்டு. ஆகவே எந்த வைத்தியரிடம் சென்றாலும் குழாய் இருப்பதைக் கூறுவோம்.

பங்கசு குழாயில் ஒட்டி வாழ்வதால் மருந்து மட்டும் போதாது. குழாயை உடனே அகற்றி, பின்னரும் குறைந்தது 2 வாரம் மருந்து தொடரவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல். குழாயை இழக்க அஞ்சித் தாமதித்தால் உயிரையே இழக்க நேரிடும். கலங்கிய பையை எறியாது, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.