தண்ணீரில்லாமல் தங்கம் அரித்தல்

ஆற்று மணலை அகன்ற தட்டில் இட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் மணல் வழிந்தோடிவிடும். கனமான பொன்துகள் அடியில் தங்கும். இது நீங்கள் அறிந்ததே. குடிக்கவே தண்ணீர் கிடைக்காத இடத்தில் பொன் இருந்தால் என்ன செய்வது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. 1892-ல் கூல்கார்டியிலும் 1893-ல் கால்கூர்லியிலும் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் அந்த வறண்ட பூமிக்கு விரைந்தனர். அங்கே உப்பு நீரைக் காய்ச்சி வடித்துக் காசுக்கு விற்றார்கள். பெர்த் நகருக்கு அருகிலுள்ள முண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து நீர் கொண்டுவந்தது 1903-ல்தான். அதுவரை மண்ணை அரிக்கக் காற்றுதான் கதி.

முதலில் அவர்கள் செய்தது நம் களத்துமேட்டு வேலையே. தட்டிலுள்ள மண்ணை உயரத் தூக்கிக் கீழேயுள்ள இன்னொரு தட்டில் மெல்லக் கொட்டினார்கள். பதர் பறப்பதுபோல் தூசி பறந்தது. ஆனால் காற்று நினைத்த நேரத்தில் வீசுமா? எனவே சல்லடையும் துருத்தியும் கொண்ட மரப்பெட்டிகள் வந்தன. அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பாலைகளில் இதே சாதனத்தை ‘டிரைவாஷர்’ என்பர். தச்சு வேலை தெரிந்தவர்கள் இன்றும் அதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

அமைப்பு எளியது. மேலே சரிவான சல்லடை. பெருங்கற்கள் அதில் உருண்டு வெளியே போய்விடும். சலித்த மண் கீழேயுள்ள சாய்தட்டில் விழும். இத்தட்டின் அடி மரப்பலகை அன்று. காற்று ஊடுருவக்கூடிய துணி. துணியின்மேல் குறுக்காகச் சிறு மரச்சட்டங்கள். துணிக்குக் கீழே துருத்தி. கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி விட்டுவிட்டு ஊதும்.

ஏன் விட்டுவிட்டு? காற்று நின்ற கணத்தில் மணலும் பொன்னும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விழும். அவற்றைப் பிரிப்பது ஊதும் கணம். அப்போது மணல் எகிறிச் சட்டத்தைத் தாண்டி ஒரு படி கீழே போகிறது. அதே பருமனுள்ள பொன்துகள் அசைவதேயில்லை. தளர்ந்த மணலினூடே அது இறங்கிச் சட்டத்தின் பின்னால் துணியில் படிகிறது.

‘அதே பருமன்’ என்றேன் அல்லவா? வீட்டில் செய்யும் சாதனங்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, படிகக்கல் மணலுடையது 2.65. காற்றில் இவற்றின் விகிதம் சுமார் 7. நீரிலோ மிதப்பு விசை இரண்டிலும் 1-ஐக் கழித்துவிடுவதால் 18.3-க்கு 1.65, அதாவது 11 மடங்கு. ஆகவே காற்று நீரைவிட மட்டமான சலவைக்காரன். பெரிய துகள்களில், 1 மில்லிமீட்டர் பொன்னும் 7 மில்லிமீட்டர் கல்லும் காற்றுக்கு ஒன்றே. மிக நுண்ணிய துகள்களில் நிலைமை இன்னும் மோசம்: தன்னைப்போல் மூன்று மடங்குகூட இல்லாத மணலோடு பொன்னும் பறந்துவிடும். தகடுபோல் தட்டையான பொன்னோ எளிதில் எகிறும். ஆகையால் சல்லடைக் கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. வேலை மெதுவாகும், அவ்வளவுதான்.

இரண்டாவது எதிரி ஈரம். சற்றே ஈரமான மண்ணும் கட்டியாகிப் பொன்னையும் அணைத்துக்கொண்டு வெளியேறும். நன்றாக வெயிலில் காய்ந்து கட்டி உடைந்த மண்ணையே இட வேண்டும்.

சாதனம் சரியா என்று அறிய ஒரு நல்ல சோதனை உண்டு. ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3. சிறு ஈயக் குண்டுகள் இருபதை எண்ணி, பாதியைத் தட்டையாக நசுக்கி, காய்ந்த மணலில் கலந்து ஓட்டிப் பாருங்கள். பதினெட்டோ பத்தொன்பதோ திரும்பக் கிடைத்தால் நன்று. பத்துதான் கிடைத்தால் தட்டின் சரிவைக் குறையுங்கள், அல்லது காற்றைத் தணியுங்கள். ஈயம் நஞ்சு; கையைக் கழுவிவிடுங்கள். பறக்கும் தூசி அதைவிடக் கொடியது. படிகக்கல் தூள் நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. நல்ல முகமூடி அணிந்து, காற்று வரும் திசையில் நிற்க வேண்டும்.

இறுதியில் சட்டங்களின் பின்னால் பொன்னோடு கரு மணலும் சேர்ந்திருக்கும். இதில் பெரும்பகுதி 5.2 ஒப்படர்த்தியுள்ள மாக்னடைட். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் காட்டினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எஞ்சிய ஒரு பிடியைத்தான் தட்டில் இட்டு நீரில் அரிப்பார்கள். அதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். அதையும் தெளியவைத்து மறுநாளைக்கு வைத்துக்கொள்வார்கள்.