மலை ரோட்டுக்கு எந்த டயர்?



ஒரு காலத்தில் தோட்டத்தில் வண்டி என்றால் கொழுந்து லொறியும் துரையின் ஜீப்பும்தான். இன்றைக்கு லயத்துப் பக்கம் போனால் மரக்கறி ஹயர் ஓடுகிற பிக்கப் ஒன்று, இரண்டு கதவு நான்கு கதவு கெப் ஒன்று என்று நிற்கிறது. உர மூட்டையும் அதில்தான், கல்யாணச் சாமானும் அதில்தான். நடுச்சாமத்தில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதில்தான். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மறுபடி திறந்துவிடப்பட்டது. அதனால் நம்மவர்கள் ஓட்டுகிறவற்றில் பெரும்பாலானவை பழைய வண்டிகள். எஞ்சினை ஆயிரம் தடவை பார்ப்பார்கள். டயரை மட்டும் "காத்து இருக்குதா" என்று காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பதோடு சரி.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். ஊவாப் பக்கத்துத் தோட்டம். தகப்பனார் பென்சன் ஆனபோது வந்த ஈ.பி.எஃப். காசில் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரு வருடம் நல்லாத்தான் ஓடியது. பின் டயர் இரண்டும் தேய்ந்தபோது டவுன் கடையில் போய்க் கேட்டிருக்கிறார். "195, 15 ரிம், சைஸ் ஒன்றுதான் தம்பி, இது விலை குறைவு" என்று கடைக்காரர் இரண்டு டயரை எடுத்துப் போட்டுவிட்டார். மூன்றாம் மாதம் கோவா மூட்டை ஏற்றிக்கொண்டு பெரகலை இறக்கத்தில் வரும்போது பின் டயர் வெடித்தது. வண்டி மலைப் பக்கம் போய் மண்ணில் மோதி நின்றது. மறுபக்கம் போயிருந்தால் இந்தக் கதையை அவர் வாயால் நான் கேட்டிருக்க முடியாது.

வெடித்த டயரைப் பிறகு பார்த்தேன். பக்கச் சுவரில் 195/65 ஆர் 15, அதற்குப் பக்கத்தில் 91 என்று இருந்தது. அது சாதாரண மோட்டார் காரின் டயர். அந்த வண்டிக்குப் போட வேண்டியது 195 ஆர் 15 சி. அகலமும் ரிம்மும் ஒன்றுதான், ஆனால் தாங்குகிற பாரம் வேறே. டயரில் சைஸுக்குப் பின்னால் வருகிற அந்தச் சின்ன இலக்கம்தான் பார இலக்கம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ, 110 என்றால் 1,060 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை ஏற்றிய பிக்கப்பில் பின் அச்சின் மேல் சுமார் 1,500 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,230 கிலோ. சரியான டயர் இரண்டும் 1,900 கிலோ தாங்கும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்த காசு அந்த இடைவெளியில்தான் இருந்தது.

சைஸுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்தோ, முன்னால் 'எல்.டி.' என்ற எழுத்தோ இருந்தால் அது சுமை வண்டிக்குச் செய்த டயர். '8 பி.ஆர்.' என்று எழுதியிருப்பதைத்தான் நம்ம டிரைவர்மார் எட்டு ப்ளை என்கிறார்கள். முன்காலத்தில் அத்தனை அடுக்கு நூல் துணி உள்ளே இருந்தது. இப்போது அத்தனை அடுக்குக்குச் சமமான பலம் என்றுதான் பொருள், எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்காது. 265/65 ஆர் 17 போன்ற புதிய கெப் டயர்களில் 'சி' இல்லாமலும் வரும். அப்போதும் பார இலக்கத்தைப் பார்த்தால் போதும். வண்டியோடு வந்த டயரின் இலக்கத்திலிருந்து ஒன்றுகூடக் குறையாமல் வாங்க வேண்டும். அந்த இலக்கம் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், அல்லது வண்டியின் கைநூலில் இருக்கும். ஒரு துண்டில் எழிதி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போங்கள்.

அடுத்தது பட்டன். கடையில் மூன்று மாதிரி வைத்திருப்பார்கள். ரோட் டயர், மட் டயர், இரண்டுக்கும் நடுவே ஏ.டி. என்கிற ஓல் டெரெயின். ரோட் டயரின் கோடுகள் மெல்லியவை. தார் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் மழையில் மலைக்கு ஏறும்போது அந்தக் கோடுகளில் களிமண் அப்பி, சில்லு சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். மட் டயரின் கட்டைகள் பெரியவை, இடைவெளியும் பெரியது, சேற்றை வீசி எறியும். பார்க்கவும் பயங்கரமாக இருக்கும். இளந்தாரிப் பையன்களுக்கு அதன் மேல்தான் கண். ஆனால் நம்ம ஹயர் வண்டிகள் தோட்ட ரோட்டில் ஓடுவது மூன்று நாலு மைல்தான், மற்றதெல்லாம் தார் ரோடு. தாரில் மட் டயர் சீக்கிரம் தேயும், கத்தும், டீசலும் கூடக் குடிக்கும். இன்னொன்று, நனைந்த தாரில் பிரேக் அடித்தால் வழுக்கும். தாரைத் தொடுகிற ரப்பர் அதில் குறைவு. ரம்பொடை வளைவுகளில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வரும் நாளில் அது விளையாட்டுக் காரியமில்லை. ஆகையால் என் எண்ணத்தில் நம்மில் முக்காவாசிப் பேருக்கு ஏ.டி. டயர்தான் சரி.

ஏ.டி.யிலும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை விடாமல் பெய்யும். அங்கே இடைவெளி சற்றுக் கூடிய, ஓரக் கட்டைகள் பக்கச் சுவர் வரை இறங்கி வருகிற மாதிரி நல்லது. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காய்ச்சல். அங்கே எதிரி சேறு இல்லை, கல். கையால் அடுக்கிய கல் ரோட்டில் மண் அரித்துப் போய் முனை நீட்டிக்கொண்டு நிற்கும். அது டயரின் மேல் பக்கத்தை விடப் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும், கிழிந்த சுவருக்கு ஒட்டுப் போட முடியாது. அங்கே இடைவெளி குறைந்த, பக்கச் சுவர் தடித்த டயரைக் கேளுங்கள். கோடுகளின் அடியில் சின்னச் சின்ன மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்குகிற கல்லை வெளியே தள்ளத்தான் அது. இல்லாவிட்டால் கல் உள்ளே துளைத்துக்கொண்டே போகும்.

டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினை விடப் பாரம் கூடியது, முன் டயரை அமுக்கும். அதன் இழுவையும் குறைந்த வேகத்திலேயே முழுதாக வரும். வெறும் வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும்போது முதல் கியரில் ஒரு மிதி மிதித்தால் பின் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றி ரப்பரைச் சீவிவிடும். "ஆறு மாசத்துல டயர் போச்சுங்க" என்கிறவர்களின் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்!

நீண்ட நாள் உழைக்கிற டயருக்கு ரப்பர் கலவையும் முக்கியம். லொறி, பிக்கப் டயர்களில் கார் டயரை விட இயற்கை ரப்பர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். கிழியாமல் தாங்குவதும் பாரத்தில் அதிகம் சூடேறாமல் இருப்பதும் அதன் குணம். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதல் ரப்பர் கன்றுகள் நட்ட நாளிலிருந்து இந்த நாட்டில் வளர்கிற மரம் அது. களுத்துறை, கேகாலைப் பக்கத்தில் விடியக்காலை பால் வெட்டுகிற நம்ம சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள். ரொம்பக் கடினமான கலவை நீண்ட நாள் ஓடும், ஆனால் ஈர ரோட்டில் பிடிப்புக் குறையும். உழைப்பு ஒன்றை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

விலையைக் கிலோமீற்றரால் பிரித்துப் பாருங்கள். 30,000 ரூபா டயர் 30,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு ஒரு ரூபா. 45,000 ரூபா டயர் 60,000 ஓடினால் 75 சதம். இது உதாரணத்துக்குச் சொன்ன கணக்கு, கடை விலை அல்ல. ஆனால் கையில் காசு இல்லாதவன் அந்த மலிவுக்குப் போக முடியாமல் கூடக் கொடுக்கிறான் என்பது உண்மை. நான்கையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் இரண்டிரண்டாக வாங்கலாம். புதிய இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வீசினால் பிடிப்பது கஷ்டம். போர்வீல் வண்டிக்கு முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் போடவே கூடாது, கியர்ப் பெட்டி உடையும். ரீபில்ட் டயர் போடுகிறவர்கள் நல்ல இடத்தில் செய்ததைப் பின்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

வாங்கும்போது பிறந்த நாளையும் கேளுங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. கடை மூலையில் கிடந்த ஐந்து வருடத்து டயரும் பார்க்கப் புதிதாகத்தான் தெரியும். ரப்பர் ஓடாவிட்டாலும் கிழடாகும். ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒரு தடவை காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடத்தான் வேண்டும். ஸ்பேர் டயரும் இந்தக் கணக்கில் சேரும், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இனிக் காற்று. கொழுந்தைக் கிலோவில் நிறுக்கத் தொடங்கி எத்தனையோ வருடமாகியும் காற்றை மட்டும் இன்னும் இறாத்தலில்தான் அடிக்கிறோம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரில் மடிந்து நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகுமே, அதே மாதிரி. பாரமும் கூடினால் அந்தச் சூட்டில் உள்ளே அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். தம்பியின் டயருக்கு நடந்ததும் அதுதான். விடியக்காலை, வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். வெறும் வண்டிக்கு ஒரு அளவு, பாரம் ஏற்றினால் பின்னுக்குக் கூடின அளவு, இரண்டும் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும். ஓடிச் சூடான டயரில் கூடக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

டயர் தேய்கிற விதம் வண்டியின் நோயைச் சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் எலைன்மென்ட் பிழை. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷொக் எப்சோபர் போய்விட்டது. 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன் பின் மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றாகத் தேயும். கோட்டுக்குள் இருக்கிற சிறு மேட்டுக்கட்டை பட்டனோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம் என்று அர்த்தம். தோட்ட ரோட்டில் அது வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு வெகு முன்னமே சேற்றில் ஏறாது.

கழற்றின டயரை லயத்துக்குப் பின்னால் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்குவதென்றால் வாரம் ஒரு தடவை ஊற்றிக் கழுவ வேண்டும், பூச்சாடி ஆக்குவதென்றால் அடியில் ஓட்டை போட்டு மண்ணை நிரப்பிவிடுங்கள். அந்த ஊவாத் தம்பி வீட்டு வாசலில் இன்றைக்கும் அப்படி ஒரு டயர் இருக்கிறது, 91 இலக்கம் தெரிகிற மாதிரி வைத்து ரோசாக் கன்று நட்டிருக்கிறார்.