ஸ்லிட்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? ஸ்பீடை மட்டும் பார்க்காதீங்க!

அகலமான ஸ்டீல் காயிலை நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டுவதுதான் ஸ்லிட்டிங் மெஷினின் வேலை. கார் உதிரிபாக ஆலைகளில் பிரஸ்ஸுக்குப் போவது இந்தப் பட்டைகள்தான். கொட்டேஷனில் முதலில் கண்ணில் படுவது, 'நிமிடத்துக்கு 200 மீட்டர்' என்ற வேகம்.

சின்னதா ஒரு கணக்கு. 10 டன் எடை, 1,250 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள காயிலை விரித்தால் சுமார் 510 மீட்டர் வரும். 100 மீட்டர் வேகத்தில் வெட்ட 5 நிமிஷம். 200-ல் இரண்டரை நிமிஷம். மிச்சம் அவ்வளவுதான்! ஆனால், அடுத்த ஆர்டருக்கு அகலம் மாறி, வட்டக் கத்திகளையும் ஸ்பேசர்களையும் கழற்றி மாட்டவே ஒரு மணி நேரம் போனால்? மெஷின் சும்மா நிற்கும். வேகத்துக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தை இரண்டாவது கத்தி ஹெட்டில் போட்டால், ஒன்று ஓடும்போதே இன்னொன்றை வெளியே செட் பண்ணி வைக்கலாம். நாள் முழுக்க ஒரே அகலம் வெட்டுபவர்களுக்கு இது தேவைப்படாது.

அப்புறம், பள்ளம். காயிலின் நடுப்பகுதி ஓரத்தைவிட லேசாகத் தடிமனாக இருக்கும். சுற்றச் சுற்ற நடுப்பட்டைகள் இறுகும், ஓரப்பட்டைகள் தொய்யும். அந்தத் தொய்வு தொங்கத்தான் லூப்பிங் பிட். மெஷின் வந்து இறங்கிய பிறகு தரையைத் தோண்ட ஆரம்பித்தால், இஎம்ஐ மட்டும்தான் ஓடும்.