குழந்தையின் எலும்பில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்

வளரும் பருவத்துக் கால்வலி பெரும்பாலும் இரு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் மறைந்துவிடும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் வலி, வீக்கம், நொண்டி நடத்தல் ஆகியவை இருப்பின் காரணத்தை ஆராய வேண்டும். அக்காரணங்களுள் மிக அரியது எலும்பில் தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோய்.

லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களில் உருவாகும் இந்நோய், வழக்கமாக நிணநீர்க் கணுக்களில் காணப்படும். சில குழந்தைகளுக்கு எலும்பிலேயே, குறிப்பாகத் தொடை எலும்பில், தோன்றுவதுண்டு.

இதனைக் கண்டறிவது எளிதன்று. தொடக்கத்தில் எக்ஸ்-ரே இயல்பாகவே தோன்றலாம். எம்.ஆர்.ஐ. மஜ்ஜையின் மாற்றத்தைக் காட்டும். ஆயினும் எலும்பில் ஏற்படும் கிருமித்தொற்றும், யூயிங் சர்கோமா என்னும் வேறொரு புற்றுநோயும் அதில் இதைப் போலவே தெரியலாம். எனவே சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியே உறுதியான விடையைத் தரும். அதற்கு முன் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் நோயின் அடையாளங்கள் மங்கிவிடக்கூடும். ஆகவே, முன்பு கொடுத்த எல்லா மருந்துகளையும் எங்களிடம் தவறாமல் கூறுங்கள். வலியுள்ள எலும்பை எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதையும் தவிர்த்திடுங்கள். பலவீனமான எலும்பு முறிந்துவிடலாம்.

நோய் உறுதியானபின் பெட்-சி.டி., மஜ்ஜைப் பரிசோதனை, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை ஆகியவற்றால் அது எங்கெல்லாம் பரவியுள்ளது என அறிகிறோம்.

“காலை எடுக்க வேண்டுமா?” என்பதே பெற்றோர் பலரின் முதல் கேள்வி. இந்நோய்க்கு முதன்மைச் சிகிச்சை கீமோதெரபி. எலும்பை அகற்றும் அறுவை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. வளரும் எலும்பைக் காக்கும் பொருட்டுக் கதிர்வீச்சையும் இயன்றவரை தவிர்க்கிறோம். சிகிச்சைக்காலம் நோயின் வகையைப் பொறுத்தது: சில வகைகளுக்குச் சில மாதங்கள் போதும், லிம்போபிளாஸ்டிக் வகைக்கு ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகும். குழந்தைகளிடம் இந்நோய் பெரும்பாலும் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுகிறது.

கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறையும். அக்காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திராமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சிகிச்சை முடிந்தபின்னும் எம்.ஆர்.ஐ.யில் மாற்றங்கள் சிலகாலம் தெரியலாம். எலும்பு ஆறும்போதும் அவ்வாறு தோன்றும். அதனை நோய் மீண்டதாக உடனே எண்ணி அஞ்ச வேண்டாம். ஐயமிருப்பின் எங்களிடம் கேளுங்கள். தொடர் பரிசோதனைகளை மட்டும் தவறவிடாதீர்கள்.